குளிர்மலையில் நெடுந்தூர ஓட்டம்

மார்கழியும் தையும் வந்துவிட்டால் திண்டுக்கல்லில் சுபுஹுத் தொழுகைக்குச் செல்லும் பெரியவர்கள் மப்ளரால் காதுகளை மூடிக்கொள்வதைத் தாங்கள் கண்டிருப்பீர்கள். பள்ளிவாசல் ஹவுளில் கை வைத்ததும் ஒரு முறை உடல் சிலிர்க்கும். தொழுது முடித்து வெளியே வந்து ஒரு கிளாஸ் தேநீர் அருந்தினால் அந்தக் குளிர் போய்விடும். சமவெளியில் வாழும் நமக்குத் தெரிந்த குளிர் இவ்வளவே.

அதே அதிகாலையில் மலைக்கோட்டையைச் சுற்றியும் சிறுமலைச் சாலையிலும் இளைஞர்கள் சிலர் ஓடிப் பழகுகின்றனர். காவல்துறைத் தேர்வுக்காக ஓடுவோர் முன்னரும் இருந்தனர். இப்போது அவர்களோடு வேறொரு வகையினரும் சேர்ந்திருக்கின்றனர். மலைப்பாதைகளில் 20 கிலோமீட்டர், 50 கிலோமீட்டர், அதற்கும் மேலாக ஓடும் நெடுந்தூர ஓட்டங்களில் கலந்துகொள்ள விரும்புவோர் இவர்கள். நம் வீட்டுப் பிள்ளைகளும் இவர்களில் உண்டு. சென்ற ஆண்டு ஒரு தகப்பனார் என்னிடம் வந்து, “ஹஜ்ரத், பனி உறைஞ்ச ஊர்ல போய் ஓடப்போறேன்னு பையன் சொல்றான். மார்க்கத்துல இதுக்கு இடம் இருக்கா? உசுருக்கு ஏதும் ஆகாதே?” என்று கேட்டார். முதற் கேள்விக்கு உடனே விடை சொல்ல முடிந்தது. இரண்டாவது கேள்விக்காகப் படித்தறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

ஓட்டப் போட்டி நம் மார்க்கத்திற்கு அந்நியமானதன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓடியதும், முதன்முறை அன்னையார் முந்தியதும், பின்னொரு நாள் பெருமானார் முந்தியதும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளன. நெடுந்தூர ஓட்டத்திற்கென ஒரு நபித்தோழரைச் சொல்வதானால் ஸலமா பின் அல்அக்வஃ (ரலி) அவர்களையே சொல்ல வேண்டும். மதீனாவுக்கு வெளியே மேய்ந்துகொண்டிருந்த பெருமானாரின் பால் ஒட்டகங்களைக் கொள்ளையர் ஓட்டிச் சென்றபோது, குதிரையில்லாமல் கால்நடையாகவே அவர்களைத் துரத்தியவர் அவர். பகற்பொழுது முழுவதும் பாறைகளுக்கிடையே ஓடி, மறைந்து, அம்பெய்து ஒட்டகங்கள் அனைத்தையும் மீட்டார். சுமையைக் குறைப்பதற்காகக் கொள்ளையர் வழியெங்கும் போர்வைகளையும் ஈட்டிகளையும் எறிந்துவிட்டு ஓடினர். அவ்வாறு எறியப்பட்ட போர்வைகள் மட்டும் முப்பதுக்கும் மேல் என்று ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம்.

மதீனாவுக்குத் திரும்பும் வழியில் நிகழ்ந்ததுதான் நம் பிள்ளைகள் அறிய வேண்டியது. ஓட்டத்தில் எவரிடமும் தோற்றிராத அன்ஸாரி ஒருவர், மதீனாவரை என்னோடு ஓட யாருண்டு என்று அறைகூவினார். ஸலமா (ரலி) பெருமானாரிடம் அனுமதி பெற்றே வாகனத்திலிருந்து குதித்தார். எடுத்த எடுப்பிலேயே பாய்ந்துவிடவில்லை. ஓரிரு மேடுகள் கடக்கும் வரை தம் மூச்சைக் காத்துக்கொண்டு பின்தங்கியே ஓடினார். அதன் பிறகே வேகமெடுத்து அன்ஸாரியை எட்டிப் பிடித்து முந்தினார். மேட்டில் மூச்சைச் சேமிக்க வேண்டும் என்பதை இன்றைய பயிற்சியாளர்கள் பெரும் பாடமாகச் சொல்கின்றனர். அதனை மதீனாவின் மேடுகள் அவருக்கு முன்னரே கற்பித்திருந்தன.

பரிசு பற்றி ஒரு சொல். ஓடுவோர் ஒவ்வொருவரும் பணம் வைத்து, வென்றவர் அதனை அள்ளிக்கொள்வதாயின் அது சூதாட்டமாகிவிடும். கட்டணம் உணவுக்கும் மருத்துவ ஏற்பாட்டிற்கும் செலவிடப்பட்டு, பரிசை வேறொருவர் வழங்குவதாயின் அதன் சட்டம் வேறு. ஐயமிருப்போர் தம் மத்ஹபின் ஆலிமிடம் விளக்கம் கேட்டுக்கொள்ளலாம்.

உறைந்த ஏரியின் மீது

நம் நாட்டிலேயே பனியின் மீது ஓடும் ஓட்டங்கள் இப்போது நடைபெறுகின்றன. 2023ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் லடாக்கின் பாங்காங் ஏரியில் 21 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று நடத்தப்பட்டது. ஏரிக் கரையில் அன்று, ஏரியின் மீதே ஓடினார்கள்! பாங்காங் உப்புநீர் ஏரியாகும். இந்தியாவிலும் திபெத்திலுமாக 130 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கும் அந்த ஏரி, குளிர்காலத்தில் உப்புநீராக இருந்தும் உறைந்து பாறைபோல் ஆகிவிடுகிறது. கடல் மட்டத்திலிருந்து 13,862 அடி உயரத்தில், லுகுங் என்னுமிடத்திலிருந்து மான் என்ற சிற்றூர் வரை 75 பேர் ஓடினர். உறைந்த ஏரியின் மீது உலகிலேயே மிக உயரத்தில் நடந்த அரை மாரத்தான் என்று கின்னஸ் நூல் அதனை ஏற்றது.

அந்த ஓட்டத்திற்கு அமைப்பாளர்கள் வைத்த பெயர் ‘கடைசி ஓட்டம்’ என்பதாகும். உலகின் வெப்பம் இவ்வாறே ஏறிக்கொண்டு போனால் ஏரி உறையாத காலம் வரும். அப்போது ஓடுவதற்குப் பனி இராது என்பதை உணர்த்தவே அந்தப் பெயர். குளிர்காலத்தில் அப்பகுதியின் வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழே 30 டிகிரி வரை இறங்கும். காற்றில் பிராணவாயுவின் அடர்த்தியும் குறைவு. சமவெளியிலிருந்து விமானத்தில் இறங்கியவர் மறுநாளே அங்கு ஓட முடியாது. லே நகரில் சில நாட்கள் தங்கி உடலைப் பழக்கிக்கொள்ள வேண்டும். மூன்று நாள் விடுப்பில் போய் ஓடிவிட்டு வருகிறேன் என்று உங்கள் மகன் சொன்னால், அந்த விடுப்பு போதாது என்று தயங்காமல் சொல்லுங்கள்.

லடாக் தொலைவில் இருக்கிறது. நம் மாவட்டத்திற்குள்ளேயே கொடைக்கானல் இருக்கிறதே! திண்டுக்கல் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 270 மீட்டர் உயரத்தில் உள்ளது. கொடைக்கானல் 2,100 மீட்டருக்கும் மேல். ஆயிரம் மீட்டர் ஏறும்போது வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் 20 டிகிரி இருக்கும் விடியற்காலையில் கொடைக்கானலில் 8 டிகிரிதான் இருக்கும். மேகமற்ற சில இரவுகளில் அது பூஜ்யத்தை நெருங்கிப் புல்வெளியெங்கும் உறைபனி வெள்ளையாகப் படிந்துவிடுகிறது.

சமவெளியின் வெயில் தாங்காத அமெரிக்க மிஷனரிகள் 1845ஆம் ஆண்டில் அங்கு முதல் வீடுகளைக் கட்டினர். மோட்டார் சாலை அமையும் வரை அவர்கள் பெரியகுளத்தை அடுத்த அடிவாரத்திலிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதை வழியாகவே மலையேறினர். ஏறினர் என்று எழுதுவது ஒரு பேச்சுக்குத்தான். பலரை டோலியிலும் நாற்காலியிலும் வைத்து நம்மவர்கள் சுமந்து சென்றனர். அமர்ந்து சென்றவர்களின் நாட்குறிப்புகள் அச்சேறின. சுமந்து சென்றவர்கள் எதையும் எழுதி வைக்கவில்லை. இந்த மாவட்டத்தில் குளிர்மலை ஓட்டத்தின் வரலாற்றை எவரேனும் எழுதினால் அவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

குளிர் எப்படிக் கொல்கிறது?

மனித உடலின் வெப்பம் 37 டிகிரி. அது 35க்குக் கீழே இறங்கினால் ஆபத்து தொடங்கிவிட்டது என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. பூஜ்யத்திற்குக் கீழே போனால்தான் இது நேரும் என்று எண்ணுவது தவறு. 8, 10 டிகிரிக் குளிரிலும் நேரும். நனைந்த உடலும் காற்றும் சேர்ந்தால் போதும். தண்ணீர், காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடலின் வெப்பத்தைக் கடத்திச் செல்கிறது. பூஜ்யம் டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் வெற்றுத் தோலுக்கு அது பூஜ்யத்திற்குக் கீழே 7 டிகிரி போலத் தோன்றும். வியர்வையில் நனைந்த பருத்திப் பனியனோடு மலையுச்சியில் நிற்பவர், ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு மின்விசிறியின் கீழ் நிற்பவருக்கு ஒப்பாவார்.

ஓடிக்கொண்டிருக்கும் வரை தசைகள் வெப்பத்தைப் பிறப்பித்துக்கொண்டே இருக்கும். களைத்து வேகம் குறையும்போதுதான் குளிர் உள்ளே புகுகிறது. முதலில் நடுக்கம். பிறகு விரல்கள் மரத்து ஜிப்பை இழுக்கவும் இயலாமல் போகும். நாக்குக் குழறும், கால் இடறும். அதன்பின் அறிவு மங்கும். தனக்கு ஒன்றுமில்லை என்று அவரே சாதிப்பார். வெப்பம் மேலும் இறங்கினால் நடுக்கம் நின்றுவிடும். நடுக்கம் நின்றதைக் கண்டு, தேறிவிட்டார் என்று எண்ணிவிடாதீர்கள். அதுதான் மிக மோசமான கட்டம். சிலர் அந்நிலையில் வெப்பம் தாளாதவர்போல் தம் ஆடைகளைத் தாமே களைந்தெறிவதும் உண்டு.

இவை ஏட்டில் மட்டும் உள்ள செய்திகளல்ல. 2021ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் சீனாவின் கான்சு மாகாணத்தில், மஞ்சள் நதியருகே கற்காடு என்று அழைக்கப்படும் மலைப் பகுதியில் 100 கிலோமீட்டர் ஓட்டம் நடைபெற்றது. மே மாதம் என்பதைக் கவனியுங்கள். இங்கு நாம் அக்கினி நட்சத்திரத்தில் வெந்துகொண்டிருக்கும் நாட்கள். காலை ஒன்பது மணிக்கு 172 பேர் புறப்பட்டனர். பெரும்பாலோர் அணிந்திருந்தவை அரைக்கால் சட்டையும் மெல்லிய மேற்சட்டையும். காற்றைத் தடுக்கும் மேலங்கி கட்டாயமாக்கப்படவில்லை. பலர் அதனைப் பைக்குள் வைத்து, வெகுதூரத்தில் பின்னால் வரவிருந்த நிலையத்திற்கு முன்கூட்டியே அனுப்பிவிட்டிருந்தனர். இரண்டாம் நிலையத்திற்கும் மூன்றாம் நிலையத்திற்கும் இடையே செங்குத்தான ஏற்றம். வாகனம் செல்லும் வழி அங்கில்லை. தண்ணீரோ உணவோ தருவதற்கு ஆளுமில்லை. நண்பகலில் அந்த ஏற்றத்தில்தான் ஆலங்கட்டியும் உறைமழையும் சூறைக்காற்றும் அவர்களைச் சூழ்ந்தன. கண் திறக்க முடியவில்லை, கால் நிலைக்கவில்லை. 21 பேர் மாண்டனர். மாண்டவர்களில் லியாங் ஜிங்கும் ஒருவர். நெடுந்தூர ஓட்டங்கள் பலவற்றில் வென்று சீனா முழுவதும் புகழ்பெற்றிருந்தவர்! புதியவர்கள்தாம் குளிரில் சிக்குவர், பழகியவர் தப்பிவிடுவர் என்ற எண்ணத்திற்கு அங்கு இடமில்லாமல் போயிற்று. சொல்லப்போனால் முன்னணியில் விரைந்தவர்களே அந்த ஏற்றத்தின் நடுவில் அகப்பட்டுக்கொண்டனர்.

அப்பகுதியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஜூ கேமிங் என்பவர் மழைக்காக ஒரு குகையில் ஒதுங்கியிருந்தார். அதில் போர்வைகளும் கொஞ்சம் உணவும் முன்னரே வைத்திருந்தார். நடுங்கித் தடுமாறி வந்த ஒருவரை உள்ளே அழைத்து நெருப்பு மூட்டினார். மேலும் சிலர் வந்து சேர்ந்தனர். பிறகு வெளியே சென்று, நினைவிழந்து கிடந்த இன்னொருவரையும் சுமந்து வந்தார். ஆக ஆறு உயிர்கள் அவரால் பிழைத்தன. தாம் சாதாரண மனிதரே என்றும், மற்றவர்களைக் காப்பாற்ற முடியவில்லையே என்றும் அவர் பின்னர் வருந்தினார். பெரும் பொருட்செலவில் அமைக்கப்பட்ட ஒரு போட்டியில் இல்லாத போர்வையும் நெருப்பும் ஓர் இடையரின் குகையில் இருந்தன. பலத்த காற்று வீசும் என்று வானிலைத் துறை முதல் நாளே எச்சரித்திருந்தது. ஏற்பாட்டின் குறைபாடே இத்தனை உயிர்களைப் பறித்ததென விசாரணையில் தெளிவாயிற்று. அதிகாரிகள் பலர் தண்டனை பெற்றனர். சீனாவில் இத்தகைய ஓட்டங்கள் அனைத்தும் நிறுத்தி வைக்கப்பட்டன.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் மோன் பிளாங் சிகரத்தைச் சுற்றி ஏறத்தாழ 170 கிலோமீட்டர் ஓடும் புகழ்பெற்ற ஓட்டம் 2003 முதல் நடைபெற்று வருகிறது. 2010ஆம் ஆண்டில் மழையும் புயலும் வலுத்தபோது, புறப்பட்டுச் சில மணி நேரத்திலேயே அந்த ஓட்டத்தை நிறுத்திவிட்டனர். உலகின் பல பகுதிகளிலிருந்தும் செலவு செய்து வந்தவர்கள் எத்தனை பேர் முகம் சுளித்திருப்பார்கள்! தொப்பியுள்ள மழைக்கோட்டு, அலுமினியம் பூசிய உயிர்காப்புப் போர்வை, தலையில் கட்டும் விளக்கு, விசில், கைபேசி, தண்ணீர் ஆகியவை இல்லாதவர் அங்கு புறப்படவே முடியாது. நிறுத்தத் துணிந்த அமைப்பாளர்களையே நான் வீரர்கள் என்பேன்.

அகழ்ப்போரின் இரவு

கடுங்குளிரை நம் முன்னோர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதற்கு அகழ்ப்போரின் ஓர் இரவை நினைவுகூரலாம். ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு. பசியும் அச்சமும் புயற்காற்றும் கூடிய குளிர் இரவு. பகைவரின் செய்தியை அறிந்து வருபவர் யார் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் மீண்டும் மீண்டும் கேட்டும், உயிரையே தர முன்வந்த தோழர்களில் எவரும் எழவில்லை. இறுதியில் ஹுதைஃபா (ரலி) அவர்களைப் பெயர் சொல்லி அனுப்பினார்கள். குளியலறைக்குள் நடப்பவர்போல் கதகதப்பாகவே போய் வந்ததாகவும், பணியை முடித்துத் திரும்பிய பின்னரே குளிர் தம்மைப் பற்றியதாகவும் ஹுதைஃபா (ரலி) கூறியுள்ளார். பெருமானார் (ஸல்) தாம் அணிந்து தொழுதுகொண்டிருந்த போர்வையின் ஒரு பகுதியை அவர்மீது போர்த்தினார்கள். அவர் விடியும் வரை உறங்கினார்.

போகும்போது கிடைத்த கதகதப்பு பெருமானாரின் துஆவின் பரக்கத்தாகும். அதற்கு உடற்கூறு நூலில் விளக்கம் தேடுவது என் வேலையன்று. ஆயினும் பணி முடித்து வந்தவருக்குப் பாராட்டுக்கும் முன்னதாகக் கிடைத்தது ஒரு போர்வை என்பதைக் கவனியுங்கள். நம்மவர்களோ ஓட்டத்தின் முடிவுக் கோட்டில் பதக்கத்தை மாட்டிவிட்டுப் புகைப்படத்திற்காக அரைமணி நேரம் ஈரச் சட்டையோடு நிற்க வைக்கிறார்கள். உடல் வெப்பம் சட்டென்று இறங்கும் நேரம் அதுவே.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில் தாதுஸ் ஸலாஸில் படையெடுப்புக்குத் தலைமையேற்றுச் சென்ற அம்ரு பின் அல்ஆஸ் (ரலி) அவர்களுக்குக் கடுங்குளிர் இரவொன்றில் குளிப்புக் கடமையாயிற்று. குளித்தால் உயிர் போய்விடும் என்று அஞ்சித் தயம்மும் செய்து தொழ வைத்தார். தோழர்கள் திரும்பி வந்து முறையிட்டனர். உங்களை நீங்களே மாய்த்துக்கொள்ள வேண்டாமெனத் தடுக்கும் அந்நிஸா அத்தியாயத்தின் 29ஆம் வசனத்தை அவர் சுட்டிக்காட்டினார். பெருமானார் (ஸல்) சிரித்தார்கள், கண்டிக்கவில்லை. கடமையான குளிப்பிலேயே குளிருக்கு அஞ்சி ஒதுங்க இடமுண்டு என்றால், விருப்பத்தின் பேரில் ஓடும் ஓட்டத்தில் பாதி வழியில் திரும்பி வருவதில் என்ன இழுக்கு? அந்தத் தகப்பனாரிடமும் இதையே சொன்னேன். “திரும்பி வந்துட்டா கேலி பண்ணுவாங்களே ஹஜ்ரத்” என்றார். “அத்தா நீங்க கேலி பண்ணாம இருந்தாப் போதும்” என்றேன்.

பிள்ளையை அனுப்பும் முன் தாங்கள் அமைப்பாளரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. வானிலை கெட்டால் ஓட்டத்தை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம்? வாகனம் போக முடியாத பகுதியில் அடிபட்டவரை எப்படிக் கீழே கொண்டுவருவார்கள்? இவற்றுக்குத் தெளிவான விடை சொல்லாதவர், பதக்கத்தின் படத்தை எவ்வளவு அழகாக அச்சிட்டிருந்தாலும் சரி, அவரிடம் பிள்ளையை ஒப்படைக்க வேண்டாம். மகனின் பையை ஒரு முறை திறந்து பாருங்கள். உடலை ஒட்டியணிவது பருத்தியாக இருத்தல் கூடாது. ஈரத்தை விரைவில் உலரவிடும் செயற்கை இழையோ கம்பளியோ நல்லது. அதன்மேல் ஒரு ஸ்வெட்டர், அதற்கும் மேல் காற்றையும் மழையையும் தடுக்கும் மேலங்கி. குல்லா, கையுறை, மாற்றுக் காலுறை. பேரீச்சம்பழமும் கடலைமிட்டாயும். எரிக்க உணவில்லாத உடல் வெப்பத்தைப் பிறப்பிக்காது.

குளிரில் விறைத்தவரைக் கண்டால் காற்றுப்படாத இடத்திற்குக் கொண்டுபோய், ஈர உடையைக் களைந்து, உலர்ந்த போர்வையால் தலையோடு போர்த்த வேண்டும். நினைவோடிருந்தால் வெதுவெதுப்பான இனிப்புப் பானம் தரலாம். கைகால்களை அழுத்தித் தேய்ப்பதும், நேரே நெருப்பில் காட்டுவதும் கேடு. உடனே மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். குளிருக்குப் பிராந்தி நல்லது என்று சொல்வோர் இன்றும் இருக்கின்றனர். மது, தோலருகே உள்ள இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. சூடேறியதுபோல் தோன்றும், உண்மையில் உள்ளே எஞ்சியிருக்கும் வெப்பமும் தோல் வழியே வெளியேறிவிடும்.

தொழுகையைப் பற்றிக் கேட்போருக்காக ஓரிரு விவரங்கள். சாலை வழியே திண்டுக்கல்லிலிருந்து கொடைக்கானல் கஸ்ருக்குரிய தூரத்தைக் கடந்துவிடுகிறது. ஆகவே லுஹரையும் அஸரையும் இரண்டிரண்டு ரக்அத்தாகச் சுருக்கித் தொழலாம். ஷாஃபி மத்ஹபினர் இரண்டையும் சேர்த்துத் தொழவும் இடமுண்டு. ஹனஃபிகள் அதனதன் நேரத்தில் தொழ வேண்டும். ஒளூவுடன் அணிந்த தோல் குஃப்பின் மீது பயணி மூன்று பகல் மூன்று இரவு மஸஹு செய்யலாம். ஓட்டக் காலணி கணுக்காலை மறைப்பதில்லை. ஆகவே அதன்மீது மஸஹு கூடாது. தண்ணீரைச் சூடாக்க வழியிருக்கும்போது குளிரைக் காரணம் காட்டித் தயம்மும் செய்ய இயலாது. மலையுச்சியில் அடுப்புக்கு எங்கே போவது என்று நம் பிள்ளைகள் கேட்பார்கள். பெரும்பாலான ஓட்டங்களில் நிலையங்களில் தேநீருக்காக வெந்நீர் வைத்திருப்பார்கள்; ஒரு குவளை வாங்கித் தண்ணீரோடு கலந்துகொண்டால் ஒளூவுக்குப் போதும்.